பதிஞ்சி போட்டாச்சி, இனி வேல வரும்னு இருக்கவங்களுக்கு

தக்கலைல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. எங்க பக்கத்துல வேல தேடுறவன் யாரா இருந்தாலும் ஒருக்காவது இப்படி ஒரு கடைல வந்து நின்னு தான் ஆகணும், பயோடேட்டா அடிக்கணும், இல்லன்னா டி.என்.பி.எஸ்.சி. அப்ளை பண்ணணும், இல்லன்னா சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணி ஏஜென்ட்டுக்கு அனுப்பணும். கடை வைக்கதுக்கு முன்ன பல வருஷம் கல்ஃப்ல ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனில டாக்குமென்ட் கன்ட்ரோலரா இருந்தேன். அங்க வர்ற பயோடேட்டாவ எல்லாம் பிரிச்சி பைல் பண்ணி எச்.ஆர். மேசைக்கு கொண்டு வைக்கது எனக்க வேலைல ஒண்ணு. அதனால அனுப்புற பக்கமும் பாத்தாச்சி, வாங்கி ஓரமா போடுற பக்கமும் பாத்தாச்சி. ரெண்டும் பாத்ததுல எனக்கு தோணுற விஷயம் இது தான், நம்ம ஊர்ல வேல தேடுறோம்னு சொல்லுற முக்கால்வாசி பேரு தேடல, எங்கயாவது பேரப் பதிஞ்சி போட்டுட்டு காத்திருக்காங்க. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிவு, நௌக்ரி வெப்சைட்ல பதிவு, கன்சல்டன்சில பதிவு, ஏஜென்ட் கிட்ட பாஸ்போர்ட் காப்பி. எல்லா இடத்துலயும் பேரு இருக்கு, ஆனா அந்தப் பேருக்கு பின்னால இருக்க ஆள யாருக்கும் தெரியாது.

2011 சென்சஸ்ல 91.75 சதவீதம் படிப்பறிவோட கன்னியாகுமரி மாவட்டம் தான் தமிழ்நாட்டுலயே முதல்ல வந்தது. அதயும் வேல இல்லாததுக்கு ஒரு காரணமா சொல்லுற ஆளுங்க உண்டு, எல்லாவனும் படிச்சிட்டான் பின்னே வேல எங்க கிட்டும்னு. டீக்கடைல ரசவடை தின்னுட்டு சொல்லுறதுக்கு கொள்ளாம். ஆனா அதயே நம்பி வீட்டுல உக்காந்திருந்தா கஷ்டம்.

பயோடேட்டால இருந்து தொடங்குறேன், ஏன்னா அது தான் எனக்கு நல்லா தெரிஞ்ச சங்கதி. பெரும்பாலும் ஒரு பையன் வந்தா கைல பென்டிரைவோ வாட்சப்புல ஒரு பைலோ இருக்கும், சீனியர் கொடுத்தது. "அண்ணே, இதுல பேர மட்டும் மாத்தி தாங்க." தொறந்து பாத்தா மேல ஒரு கரியர் ஆப்ஜெக்டிவ், சவாலான சூழல்ல வேல பாத்து நிறுவனத்தோட வளர்ச்சிக்கும் என்னோட வளர்ச்சிக்கும் பாடுபடணும்னு இங்கிலீஷ்ல நாலு வரி. அந்த நாலு வரி கடை தொடங்குன நாள்ல இருந்து எனக்கு மனப்பாடம், அதுல ஒரு எழுத்துப் பிழை உண்டு, அந்தப் பிழையும் அப்படியே காலேஜ் காலேஜா வந்துட்டு இருக்கு. அதுக்க கீழ அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, பொழுதுபோக்கு கிரிக்கெட்டும் பாட்டு கேக்கதும், கடைசில மேற்சொன்னதெல்லாம் உண்மைன்னு ஒரு உறுதிமொழியும் கையெழுத்துக்கு இடமும். நோட்டரி முன்னால பத்திரம் பதியுற மாதிரி. கம்பெனிக்காரனுக்கு உன் உறுதிமொழிய வச்சி என்ன செய்யணும்? கல்ஃப்ல எங்க எச்.ஆர். மேனேஜர் ஒரு பயோடேட்டாவ கைல எடுத்தா கண்ணு நேரா போறது ரெண்டு எடத்துக்கு தான், கடைசியா என்ன வேல பாத்தான், எத்தன நாள் பாத்தான். அது முதல் பக்கத்துல மேல பாதில இல்லன்னா அடுத்த பேப்பர்.

கொஞ்ச நாள் முன்ன ஒரு பையன் வந்தான், மெக்கானிக்கல் டிப்ளமோ, கடல் பக்கத்து பையன். பயோடேட்டா மூணு பக்கம், அதுல அனுபவம்ங்கிற இடத்துல ஃப்ரெஷர்னு போட்டிருந்தான். முடிச்சி ரெண்டு வருஷம் ஆச்சே, இது வர என்னடே செய்தன்னு கேட்டேன்.

"சும்மா தான் இருக்கேன் அண்ணே."

"ரெண்டு வருஷமும் வீட்டுலயா?"

"குளச்சல்ல மாமாவுக்கு போட் எஞ்சின் ஒர்க்‌ஷாப் உண்டு, அங்க போவேன்."

"போயி?"

"மாமா சொல்லுற வேலய செய்வேன்."

"எஞ்சின கழத்தி இறக்குனா திருப்பி நீயா ஏத்துவியா?"

"ஏத்துவேன். இன்ஜெக்டர் கழத்தி டெஸ்டுக்கு கொடுத்து வாங்கி மாட்டுவேன். கியர்பாக்ஸ் பாத்திருக்கேன். பம்ப் டைமிங் மட்டும் மாமா தான் வைப்பாரு."

"இத ஏம்ல எழுதல?"

"அது வேலையா அண்ணே? மாமா கடையில்லா."

இந்த பதில நான் எத்தனயோ பேரு கிட்ட கேட்டாச்சி. அப்பாக்க ரப்பர் தோட்டத்துல கணக்கு பாக்குற பொண்ணு, சித்தப்பாக்க மொபைல் கடைல போர்டு சர்வீஸ் பண்ணுற பையன், சர்ச்சுல சவுண்ட் சிஸ்டம் மொத்தமும் பாத்துக்கிடுற பையன், எல்லாரும் பேப்பர்ல ஃப்ரெஷர். சம்பளம் வாங்காதது வேல இல்லன்னு ஒரு நெனப்பு. விசைப்படகுக்கு நம்ம மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர தடைக்காலம், அந்த ரெண்டு மாசம் போட் எல்லாம் கரைல கெடக்கும்போ தான் எஞ்சின் வேல குமிஞ்சி கெடக்கும், ராத்திரி பகலா செய்வாங்க. அந்த ரெண்டு சீசன் நின்னு வேல பாத்தவன் டீசல் எஞ்சின் தெரியாத ஃப்ரெஷரா? மூணு பக்கத்த ஒரு பக்கமா ஆக்கி, எந்தெந்த எஞ்சின், என்னென்ன வேல, தனியா எது, மாமா கூட எதுன்னு உள்ளத உள்ளபடி மேல போட்டேன். இல்லாதத எழுதச் சொல்லல, பம்ப் டைமிங் தெரியும்னு எழுதுனா இன்டர்வியூல முதல் கேள்வியே அதுல தான் வரும்.

இன்னொண்ணு, தெரிந்த மொழிகள். விளவங்கோடு பக்கத்துல இருந்து வாற பிள்ளைங்க வீட்டுல பாதி மலையாளம் தான் பேசும், களியக்காவிளைக்கு அங்கோட்டு போனா தமிழ்நாடு கேரளா வித்தியாசமே தெரியாது, ஆனா பயோடேட்டால தமிழ், இங்கிலீஷ் ரெண்டு தான் இருக்கும். மலையாளம் எழுத தெரியாதுன்னு விட்டுருவாங்க. பேச மட்டும் தெரியும்னு எழுது மக்களே. திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரிக்கும் ஷோரூமுக்கும் கஸ்டமர் கேருக்கும் தமிழும் மலையாளமும் சேந்து பேசுற ஆளு கிட்டுனா விடமாட்டான். கல்ஃப்ல போர்மேனும் ஸ்டோர்கீப்பரும் நர்ஸுமா நெறைய மலையாளி உண்டு. கோயம்புத்தூர்ல இருந்து வர்றவனுக்கு இல்லாத ஒரு சாமானம் நம்ம கைல சும்மா கெடக்கு.

போன். இத சொல்லாம விட முடியாது. நூறு இடத்துல அப்ளை பண்ணியிருப்பான், தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா எடுக்க மாட்டான், லோன் வேணுமான்னு கேக்குறவன்னு நெனச்சி கட் பண்ணுவான். 0471 திருவனந்தபுரம், 044 சென்னை, 080 பெங்களூர், வேல தேடுற காலத்துல இந்த நம்பர எல்லாம் எடுங்க. மெயில் அதுக்கு மேல. கடைல உக்காந்து மெயில தொறக்கச் சொன்னா பாஸ்வேர்ட் மறந்து போயிருக்கும், ஓ.டி.பி. போற சிம்ம எப்பவோ தூக்கி போட்டிருப்பான், ஒருவழியா தொறந்தா உள்ள மூணு வாரத்துக்கு முன்ன வந்த இன்டர்வியூ மெயில் கெடக்கும். கம்பெனிக்காரன் வாட்சப்புல கூப்பிடுவான்னு யாரு சொன்னதோ.

இனி சர்க்கார் வேல. இதப் பத்தி பேசுனா வீட்டுல சண்ட வரும், பரவால்ல. நாகர்கோவில் பக்கத்துல கோணம்ங்கிற எடத்துல உள்ள எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சிட்டா சீனியாரிட்டி ஏறும், ஒரு நாள் கார்டு வரும்னு இன்னும் நம்புற அப்பா அம்மா இருக்காங்க, அவங்க காலத்துல வந்தது, தப்பு சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு தமிழ்நாட்டுல பெரும்பாலான சர்க்கார் வேல டி.என்.பி.எஸ்.சி., வாத்தியாருக்கு டி.ஆர்.பி., சர்க்கார் ஆஸ்பத்திரி வேலைக்கு எம்.ஆர்.பி., போலீஸுக்கு யு.எஸ்.ஆர்.பி.ன்னு பரீட்சை வழியா தான் போவுது. 2024 குரூப் 4க்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேரு. ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல. பெறவு இடத்த கூட்டுனாங்க, கூட்டுன பெறவும் இருநூறுக்கு கொறயல. எழுதாதீங்கன்னு சொல்லல, அப்ளை பண்ணி கொடுக்கது எனக்க பொழப்பு, எழுதுங்க. வேற எதுவும் செய்யாம நாலு வருஷம் அஞ்சு வருஷம் அதுக்காவ மட்டும் உக்காந்திருக்கது தான் எனக்கு சங்கடம். அந்தப் பரீட்சை ஒரு பக்கம் இருக்கட்டும், பகல்ல ஒரு வேலைக்கு போயிட்டு ராத்திரி படிச்சி பாஸானவங்க நம்ம தாலூகா ஆபீஸ்லயே இருக்காங்க, போயி கேட்டுப் பாருங்க. முப்பது வயசுல, பாஸ் ஆகல, அனுபவமும் இல்லன்னு பிரைவேட் கம்பெனி வாசல்ல நிக்கும்போ அங்க உள்ளவன் கேக்குற முதல் கேள்விக்கு பதில் இருக்காது.

அதே எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல உருப்படியான காரியம் சிலது நடக்கு, அத யாரும் கண்டுக்கிட மாட்டாங்க. தன்னார்வ பயிலும் வட்டம்னு பேரு, போட்டித் தேர்வுக்கு காசு வாங்காம கிளாஸ் எடுக்காங்க. பிரைவேட் கம்பெனிகள கூட்டி வந்து வெள்ளிக்கிழம முகாம் நடத்துறாங்க. தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம்னு அரசாங்கமே ஒண்ணு நடத்துது, அதுக்கும் காசு கிடையாது. 3 வருஷத்துக்கு ஒருக்க பதிவ புதுப்பிக்க மறக்கக் கூடாது. பதிஞ்சி, விடாம புதுப்பிச்சி, அஞ்சு வருஷம் ஆகியும் வேல இல்லாத, வருமானம் கொறஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்கு மாசம் உதவித்தொகை உண்டு, பத்தாம் கிளாஸ் பாஸானவங்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600 ரூவா. 600 ரூவா வச்சி நாகர்கோவில் போயிட்டு வாற பஸ் காசு தான் ஆகும், ஆனா கிட்டுறத ஏன் விடணும்.

முகாமுக்கு போறவங்களுக்கு ஒண்ணு சொல்லுறேன். பத்து கவுண்டர்லயும் பத்து பயோடேட்டா கொடுத்துட்டு மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடாதீங்க. கவுண்டர்ல உக்காந்திருக்கவன் கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க, இந்த வேலைல முதல் மாசம் என்ன செய்யணும், இதுக்கு முன்ன இருந்த ஆளு ஏன் போனான். ரெண்டாவது கேள்விக்கு அவன் முழிக்கிற முழிலயே பாதி விஷயம் தெரிஞ்சிரும்.

இப்போ நான் நெஜமா எழுத வந்த காரியத்துக்கு வாறேன், வேல எப்படி தான் கிட்டுது? எனக்க கடைக்கு ஜாயினிங் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வாறவங்க கிட்ட நான் கேக்காம விடமாட்டேன், எப்படி கிட்டுச்சின்னு. ஆன்லைன்ல போட்டு கிட்டுனவங்க உண்டு, ஐ.டி.ல அது ஜாஸ்தி. ஆனா அடிக்கடி கேக்குற பதில் வேற, "எனக்க கூட ஐ.டி.ஐ. படிச்ச ஒருத்தன் சொன்னான்", "அத்தானுக்கு ஃபிரண்டு ஒருத்தரு, ரெண்டு தடவ தான் பாத்திருக்கேன்", "பழைய ஓனருக்க கிட்ட சாமானம் போடுறவரு". கவனிச்சிப் பாருங்க, இதுல ஒருத்தரும் நெருங்குன சொந்தம் இல்ல.

இதப் பத்தி மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரரு 1970கள்லயே ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்னு ஒரு ஊர்ல, புதுசா வேல மாறுன ஆம்பிளைங்க கிட்ட விசாரிச்சாரு. பாதிக்கு மேல தெரிஞ்சவங்க மூலமா கிட்டுன வேல. அது பெரிய அதிசயம் இல்ல. அந்த தெரிஞ்சவர எத்தன தடவ பாப்பீங்கன்னு கேட்டதுல தான் விஷயம் இருக்கு, அடிக்கடி பாக்குற ஆளு மூலமா கிட்டுனது நூத்துக்கு 17 பேருக்கு தான், எப்பவாவது பாக்குற ஆளு மூலமா 56 பேருக்கு, வருஷத்துக்கு ஒருக்கவோ அதுக்கும் கொறவாவோ பாக்குற ஆளு மூலமா 28 பேருக்கு. பெறவு 2022ல லிங்க்டுஇன்ல 2 கோடி பேர அஞ்சு வருஷம் வச்சி பாத்த ஒரு ஆராய்ச்சியும் வந்தது, அதுலயும் ஏறக்கொறய இதே தான், ரொம்ப நெருங்குனவங்களும் இல்லாம முன்ன பின்ன தெரியாதவங்களும் இல்லாம நடுவுல கொஞ்சம் பழக்கம் உள்ளவங்க வழியா தான் வேல மாறுறது கூடுதல்.

காரணம் யோசிச்சா சின்னது தான். அண்ணனுக்கும் மாமாவுக்கும் தெரிஞ்ச விஷயம் ஏற்கெனவே நமக்கும் தெரியும், ஒரே வீட்டு சாப்பாட்டு மேசைல பேசுறது தான. அரைகுறையா தெரிஞ்ச ஆளு நம்ம போகாத எடத்துக்கு தினம் போயிட்டு வாறான். நாமளோ நேர் எதிரா நிக்கோம், சொந்தக்காரன் வேல வாங்கித் தரலன்னு கல்யாண வீட்டுல மொகத்த திருப்பிட்டு போறோம், நம்ம பேர ஞாபகம் வச்சிருக்க ஒர்க்‌ஷாப் சாரு கிட்ட ஒரு போன் போட மாட்டோம்.

போன் போடுறதுலயும் ஒரு முறை உண்டு. "சார் எப்படியாவது ஒரு வேல வாங்கித் தாங்க"ன்னு கேட்டா அந்த மனுஷன் என்ன செய்வாரு? அவரு கைல வேல இல்ல, முடியாதுன்னு சொல்ல சங்கடம், பாக்குறேன்னு சொல்லிட்டு அடுத்த தடவ உன் நம்பர் வந்தா எடுக்க மாட்டாரு. அதே ஆளு கிட்ட, "சார், உங்க கம்பெனில மெயின்டனன்ஸ்ல ஆளு எடுக்கும்போ என்ன தெரிஞ்சிருக்கணும்னு பாப்பாங்க? எனக்கு இது இது தெரியும், இன்னும் என்ன படிக்கணும், ஒரு பத்து நிமிஷம் பேசலாமா"ன்னு கேட்டுப் பாருங்க. தெரிஞ்சத சொல்லிக் கொடுக்க யாருக்கும் கசக்காது, அதுலயும் நம்ம ஊரு அண்ணன்மாருக்கு அறிவுரை சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிட்டுனா போதும், ரெண்டு மணிக்கூர் பேசுவாங்க. பேசி முடிக்கும்போ "இன்னும் ரெண்டு பேரு கிட்ட பேசணும்னா யாரு கிட்ட சார் பேசலாம்"னு ஒண்ணு கேட்டுக்கிடுங்க. அதுல தான் அடுத்த கதவு. ரெண்டு வாரம் கழிச்சி, நீங்க சொன்னத செய்தேன் சார், இப்படி ஆச்சுன்னு ஒரு மெசேஜ். இந்த கடைசி மெசேஜ அனுப்புறவன் அபூர்வம், அதனாலேயே அவன ஞாபகம் இருக்கும்.

ஆபீஸ் உத்தியோகத்துல ஆளே இல்லாத குடும்பத்துல பெறந்தவன் என்ன செய்யன்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல சாதி சங்கம், சபை, சர்ச்சு இடவகைன்னு ஒவ்வொருத்தனும் ஒரு வட்டத்துக்குள்ள வேல பங்கு வச்சிக்கிடுறது உள்ளது தான், அத மூடி மறைச்சி பேசி பிரயோஜனம் இல்ல, எனக்கு அது பிடிக்கவும் இல்ல. ஆனா அந்த வட்டத்துக்கு வெளிய உள்ள ஆளுங்கள நாம கணக்குல எடுக்கறதே இல்ல. அந்த போட் எஞ்சின் பையனுக்கு நான் சொன்னது ஒண்ணு தான், நீ கம்பெனி வாசல்ல போயி நிக்காத, மாமாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க நாகர்கோவில்ல எந்தக் கடைக்கு போவியோ அங்க போயி கேளு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனுக்கு எந்த ஒர்க்‌ஷாப்புல வேல குமிஞ்சி கெடக்கு, எங்க ஆளு ஓடிப் போனான், எந்த ஓனரு சம்பளம் ஒழுங்கா கொடுப்பான்னு எல்லாம் தெரியும், கடன் சொல்லுறவன் யாருன்னு அவனுக்கு தெரியாம வேற யாருக்கு தெரியும். அங்க கேட்டதுல கடைக்காரரு திருவனந்தபுரத்துல ஜெனரேட்டர் சர்வீஸ் பண்ணுற ஒரு பார்ட்டிக்க நம்பர கொடுத்திருக்காரு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரும் டீசல் எஞ்சின் தான. பையன் இப்போ அங்க தான் நிக்கான், குழித்துறைல இருந்து ரயில்ல போயிட்டு வாறான்.

இதே மாதிரி எந்தத் தொழிலுக்கும் ஒரு நடு ஆளு உண்டு. நர்ஸிங்குக்கு மெடிக்கல் ரெப், அக்கவுண்ட்ஸுக்கு ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க்கு, எலக்ட்ரிக்கல் வேலைக்கு ஒயர் கடை, கம்ப்யூட்டருக்கு பிரிண்டர் சர்வீஸ் பண்ண வாற ஆளு, பத்து ஆபீஸ் ஏறி இறங்குறவன் எவனோ அவன் தான்.

காலம் பாத்து கேக்கதும் முக்கியம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துல காத்தாடி கம்பெனில, அதான் கரண்டு எடுக்குற காற்றாலைல, டெக்னீஷியன் வேலைக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிள்ளைங்க போறாங்க. மே மாசம் தொட்டு செப்டம்பர் வர காத்து சீசன், அந்த நேரம் காத்தாடி நின்னா நஷ்டம், அதனால மராமத்து எல்லாம் சீசனுக்கு முன்ன முடிக்கப் பாப்பாங்க. ஜூலைல போயி கேக்கதுக்கும் ஜனவரில போயி கேக்கதுக்கும் வித்தியாசம் உண்டு. மணவாளக்குறிச்சி மணல் கம்பெனி, அதான் ஐ.ஆர்.இ.எல்., மகேந்திரகிரி இஸ்ரோ மாதிரி இடத்துல நேரா வேல கிட்டுறது பாடு தான், ஆனா அப்ரன்டிஸ் எடுப்பாங்க, அது 1961 சட்டப்படி உள்ள பயிற்சி, உதவித்தொகை உண்டு, முடிச்சா சர்டிபிகேட் உண்டு. நிரந்தரம் இல்லையேன்னு நம்ம ஆளுங்க அத விட்டுருவாங்க. ஒரு வருஷம் இஸ்ரோ வளாகத்துல நின்னேன்னு பயோடேட்டால ஒரு வரி இருந்தா பெறவு எந்த கம்பெனில போயி உக்காந்தாலும் அத பத்தி தான் முதல்ல கேப்பான்.

ஐ.டி. பிள்ளைங்களுக்கு கழக்கூட்டம் டெக்னோபார்க் பக்கம் தான், 1990ல தொடங்குனது, அதுக்க சைட்லயே அங்க உள்ள கம்பெனிகளுக்க வேல எல்லாம் வரிசையா போடுறாங்க, அதப் பாக்காம பெங்களூர்ல ரூம் எடுத்து தங்கி தேடுறாங்க. இன்டர்வியூக்கு இங்கிலீஷ் வேணும்னு பயந்து சாவதும் கூடுதல் தான். செய்த வேலய தடுமாறி தடுமாறி சொன்னாலும் கேட்டுக்கிடுவான், செய்யாத வேலய சரளமா சொன்னா ரெண்டு கேள்வில பிடிச்சிருவான்.

வெளிய போற கதைய சொல்லாம முடிச்சா குமரிக்காரன் எழுதுனதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கூடுதல் காசு கொடுக்கோமோ அவ்வளவு நல்ல விசான்னு ஒரு நெனப்பு நம்ம கிட்ட இருக்கு. சட்டப்படி பதிவு உள்ள ரெக்ரூட்டிங் ஏஜென்ட் ஒரு ஆளு கிட்ட வாங்கலாம்ங்கிறது 30,000 ரூவாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், ரெண்டும் சேத்தா 35,400. அதுக்கு மேல கேக்குறவன் கிட்ட ரசீது கேளுங்க, தரமாட்டான். இ-மைக்ரேட்னு மத்திய அரசுக்க சைட்ல ஏஜென்ட்டுக்க பதிவு நம்பர போட்டுப் பாத்தா உள்ளவனா இல்லாதவனான்னு அஞ்சு நிமிஷத்துல தெரியும், எந்தக் கடைலயும் பாத்து தருவாங்க. பதிவு உள்ள ஏஜென்ட்டுக்கு நான் சப் ஏஜென்ட்டுன்னு வீட்டுக்கு வாறவனுக்கு சட்டத்துல எடமே கிடையாது. பத்தாங்கிளாஸ் பாஸ் ஆகாதவங்களுக்கு பாஸ்போர்ட்ல இ.சி.ஆர்., அதாவது எமிக்ரேஷன் செக் வேணும்னு இருக்கும், சவுதி, துபாய், குவைத், கத்தார் எல்லாம் சேத்து 18 நாட்டுக்கு வேலைக்கு போகணும்னா எமிக்ரேஷன் கிளியரன்ஸ்னு அரசாங்க அனுமதி வேணும். விசிட் விசால போ, அங்க போயி மாத்திக்கிடலாம்னு சொல்லுறது அத ஏமாத்தத் தான், அங்க மாட்டுனா சொல்லுறதுக்கு நம்ம கைல ஒரு கான்ட்ராக்ட் பேப்பர் கூட இருக்காது. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, லட்ச ரூவா சம்பளம்னு சொல்லி கூட்டிட்டு போயி மியான்மர்லயும் கம்போடியாவுலயும் ஆன்லைன் மோசடி வேலைல அடைச்சி வச்ச கதை 2022ல இருந்து பேப்பர்ல வந்துட்டே இருக்கு. டைப்பிங் மட்டும் தெரிஞ்ச பையனுக்கு ஒருத்தன் லட்ச ரூவா ஏன் கொடுக்கணும்னு வீட்டுல ஒருத்தராவது கேக்கணும் இல்லியா.

நர்ஸிங் படிச்ச பிள்ளைகளுக்கு தமிழ்நாடு அரசே ஓ.எம்.சி.எல்.னு சென்னைல ஒரு கம்பெனி வச்சிருக்கு, 1978ல இருந்து உண்டு, வெளிநாட்டுக்கு ஆளு எடுக்குறாங்க. இங்கோட்டு உள்ள ஆளுங்களுக்கு கேரளா அரசு இதே மாதிரி வச்சிருக்க நோர்கா தெரியும், இது தெரியாது.

உள்ளூர்ல வேல கேக்கதுக்கு முன்ன டெபாசிட், டிரெயினிங் பீஸ், யூனிபார்ம் காசு, லேப்டாப்புக்கு செக்யூரிட்டின்னு எவன் கேட்டாலும் எழும்பி வந்துருங்க. டெலிகிராம்ல லைக் போட்டா காசுன்னு தொடங்கி பணம் போயிட்டுன்னா நேரம் களையாம 1930க்கு அடிங்க, சைபர் கிரைம் நம்பர் அது.

வேல கிட்டுன பெறவு ஒரு காரியம் கூட உண்டு. நம்ம பக்கத்துல சின்னக் கடை, சின்ன கம்பெனில சம்பளம் கைல தான் கொடுப்பாங்க, வவுச்சர்ல ஒரு கையெழுத்து, அதோட முடிஞ்சி. மூணு வருஷம் நின்னுட்டு கல்ஃப்புக்கோ பெங்களூருக்கோ போகணும்னா நின்னதுக்கு ஒரு துண்டு பேப்பர் இருக்காது. பழைய மொதலாளி அனுபவச் சான்றிதழ் கொடுக்க இழுத்தடிப்பாரு, நீ போறதுல அவருக்கு கோவம் இருக்கும். இருபது பேரோ அதுக்கு மேலயோ உள்ள கம்பெனின்னா பி.எஃப். புடிக்கணும், அந்த பி.எஃப்.க்கு உள்ள யு.ஏ.என். நம்பர் கேட்டு வாங்குங்க, இப்போ பெரிய கம்பெனிங்க நீ சொல்லுற அனுபவம் உள்ளதான்னு பி.எஃப். கணக்க வச்சி தான் சரி பாக்குறாங்க. சின்ன கடைன்னா சம்பளத்த அக்கவுண்ட்ல போடுங்கன்னு முதல் மாசமே மரியாதையா கேளுங்க, ஆயிரம் ரூவா கொறச்சி தாறேன்னு சொன்னாலும் அக்கவுண்ட்ல வாறது தான் நல்லது. அதுவும் முடியாதுன்னு சொன்னா சேந்த தேதி போட்டு லெட்டர்பேடுல ரெண்டு வரி எழுதி வாங்கி வச்சிக்கிடுங்க. புதுசா சேந்த வாரத்துல கேட்டா சந்தோஷமா எழுதித் தருவாங்க.